மோசமான ஷொட் எங்கே போய் விழும்? புதிதாக கோல்ஃப் ஆடுபவருக்கான கணக்கு

புதிதாக கோல்ஃப் ஆடுபவர்களின் ஸ்கோர் கார்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பதினெட்டு ஹோலில் பன்னிரண்டு பதின்மூன்று சுமாராகவே போயிருக்கும்: ஐந்து, ஆறு, ஏழு அடி. மூன்று நான்கு இடங்களில் மட்டும் பத்து, பதினொன்று, ஓரிடத்தில் எண்ண மனமில்லாமல் ஒரு கோடு. ஸ்கோர் 120ஐத் தாண்டுவது அந்த மூன்று நான்கு ஹோல்களால்தான். அங்கே சுவிங் திடீரென்று கெட்டுப்போயிருக்காது. மரங்களுக்குள் கிடந்த பந்தை இரண்டு கிளைகளுக்கு நடுவால் கிறீனுக்கு, அதாவது குழி இருக்கும் குட்டைப்புல் தரைக்கு, அனுப்பப் பார்த்திருப்பார். வாய்க்காலுக்கு அங்கால் போட என்றைக்கோ ஒருநாள் போன தூரத்தை நம்பியிருப்பார். விழுந்த பெனால்டியை, அதாவது தண்டனை அடியை, அடுத்த ஷொட்டிலேயே மீட்டுவிடப் பார்த்து இன்னொன்றும் வாங்கியிருப்பார்.

சுவிங்கைத் திருத்த மாதக்கணக்காகும். தெரிவைத் திருத்த அடுத்த ரவுண்டே போதும். ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி: இது சரியாகப் படாவிட்டால் பந்து எங்கே போய்க் கிடக்கும்? நன்றாகப் பட்டால் எங்கே போகும் என்று எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். புதியவருக்கு நன்றாகப் படுவது ஐந்தில் ஒன்றோ இரண்டோதான். மற்ற மூன்றுக்கும் கணக்கு வைக்காமல் கிளப்பை எடுத்தால் கார்டில் பத்து வராமல் வேறென்ன வரும்.

கொழும்பில் கோல்ஃப் என்றால் மொடல் ஃபாம் வீதியிலுள்ள றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கி 1896இல் இப்போதைய றிட்ஜ்வே மைதானத்துக்கு வந்த கிளப். பார், அதாவது கைதேர்ந்தவர் பதினெட்டு ஹோலையும் முடிக்கவேண்டிய அடிகள், 71. ஏற்ற இறக்கம் குறைந்த நிலம் என்பதால் பார்வைக்கு இலகுவாகத் தெரியும். ஆனால் தண்ணீரும் மரங்களும் இருக்கும் மைதானத்தில், மட்டமான தரை, ஆகத் தூரம் அடிக்கும் கிளப்பான ட்ரைவரை வெளியே எடுக்கச் சொல்லி ஆசை காட்டும். களனிவெளி ரயில் பாதை வேறு மைதானத்தை ஊடறுத்துப் போகிறது. ரயில் வந்தால் ரயிலுக்குத்தான் முதலிடம். ஷொட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

உங்கள் பார் வேறு

பார் 71 என்பது கைதேர்ந்தவர்களுக்கான எண். ஒவ்வொரு ஹோலிலும் போகி (பாரைவிட ஓரடி கூட) எடுத்தால் 89. ஒவ்வொன்றிலும் டபிள் போகி (இரண்டடி கூட) எடுத்தால்கூட 107தான். இதுவரை 120க்குக் கீழே வராதவர், ஒரு பாரும் இல்லாமல் வெறும் டபிள் போகிகளாலேயே 107க்கு வந்துவிடலாம். ஆகவே ரவுண்டுக்கு முன் கார்டில் ஒவ்வொரு ஹோலின் பாருக்கும் பக்கத்தில் பென்சிலால் பார் கூட்டல் இரண்டு என்று எழுதுங்கள். பார் 4க்கு 6, பார் 5க்கு 7. அந்த ஆறில் இரண்டைப் பட்டிங்குக்கு (கிறீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவதற்கு) ஒதுக்கினால் கிறீனில் ஏற உங்களிடம் நான்கு ஷொட் இருக்கிறது. 380 யார் ஹோலை நான்கால் வகுத்தால் 95 யார். அதற்கு ட்ரைவர் எதற்கு?

கார்டில் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் என்றொரு நிரலும் இருக்கும். 1 என்று போட்ட ஹோல் ஆகக் கடினமானவற்றில் ஒன்று, 18 ஆக இலகுவானவற்றில் ஒன்று என்று மேலோட்டமாக எடுத்துக்கொள்ளலாம். 1 முதல் 6 வரை உள்ள ஹோல்களில் துணிச்சல் வேண்டாம். அங்கே டபிள் போகி எடுத்தவர் ஒன்றையும் இழக்கவில்லை.

ஆட்டக்காரரின் திறமையை ஒரு எண்ணால் காட்டும், 2020இல் வந்த உலக ஹண்டிகப் முறையும் இதே வழியில்தான் போகிறது. ஆகக் கூடிய ஹண்டிகப் இன்டெக்ஸ் 54.0. ஹண்டிகப் இன்னும் கிடைக்காதவரின் ஸ்கோரைக் கணக்கெடுக்கும்போது ஒரு ஹோலுக்கு ஆகக் கூடியது பார் கூட்டல் 5. பார் 4 என்றால் 9. அதற்குமேல் அடித்தவை ஹண்டிகப் கணக்கில் சேராது. ஆகவே நட்பு ஆட்டத்தில் 9 வந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்கு (ஹோல் தொடங்கும் இடத்துக்கு) நடப்பதில் வெட்கமில்லை. பின்னால் வருபவர்கள் மனதுக்குள் நன்றி சொல்வார்கள். முதல் ஹண்டிகப்புக்கு மொத்தம் 54 ஹோல் ஸ்கோர் தேவை. பதினெட்டாகவும் ஒன்பதாகவும் சேர்த்துக் கொடுக்கலாம்.

பறந்த தூரம், உருண்ட தூரம்

7 அயன் என்ற நடுத்தரத் தூரக் கிளப் எவ்வளவு போகும் என்று கேட்டால், புதியவர் சொல்வது வாழ்நாளில் ஆகத் தூரம் போன ஒன்றை. அது நினைவுச் சின்னம். கணக்குக்கு உதவாது. பயிற்சி றேஞ்சில் ஒவ்வொரு கிளப்பாலும் பத்துப் பந்து அடியுங்கள். ஆகத் தூரம் போன இரண்டையும் ஆகக் கிட்ட விழுந்த இரண்டையும் விட்டுவிட்டு, மிச்ச ஆறும் முதன்முதல் நிலத்தில் பட்ட இடத்தை மட்டுக்கட்டுங்கள். அதுதான் உங்கள் பறக்கும் தூரம். பந்து உருண்டு போய் நின்ற இடத்தை எழுதாதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையில் ஃபெயார்வே (டீக்கும் கிறீனுக்கும் நடுவிலான வெட்டிய புல்) ஊறிக் கிடக்கும்போது உருளல் என்பதே இராது. தண்ணீரும் மணற்குழியான பங்கரும் கேட்பது பறக்கும் தூரத்தைத்தான். றேஞ்ச் பந்துகள் தேய்ந்து பழசாகிக் கொஞ்சம் கிட்டவே விழக்கூடும். அந்தக் குறைந்த எண்ணையே வைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

பத்துப் பந்தும் இடப்பக்கம் வலப்பக்கம் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் குறியுங்கள். இதைச் செய்பவர் அரிது. ட்ரைவர் பந்துகள் குறியிலிருந்து இரண்டு பக்கமும் முப்பது யார் விலகுகின்றன என்றால் உங்களுக்குத் தேவை அறுபது யார் அகலமான ஃபெயார்வே. அப்படி ஒன்று எந்த ஹோலில் இருக்கிறதோ அங்கே ட்ரைவர் எடுங்கள்.

பையில் 14 கிளப் வரை வைத்திருக்க விதி இடங்கொடுக்கிறது. ஆரம்பத்தில் ஏழு எட்டு மேல்: 5 வுட், ஒரு ஹைபிரிட் (வுட்டுக்கும் அயனுக்கும் இடைப்பட்டது), 7 அயன், 9 அயன், பிட்ச்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ், பட்டர், ஆசைக்கு ட்ரைவர். 3 வுட்டையும் 4 அயனையும் வீட்டில் விடுங்கள். தரையில் கிடக்கும் பந்தை அவற்றால் எழுப்பும் வேகம் புதியவரின் சுவிங்கில் இருப்பதில்லை.

ஒரு ஹோலைக் கணக்காகப் பார்த்தால்

கற்பனையாக ஒரு ஹோல். பார் 4, 360 யார். வலப்பக்கம் முழுக்க மரம். டீயிலிருந்து 190 யாரில் ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது. அங்காலைக் கரை 205 யாரில். கிறீனுக்கு முன் இடப்பக்கம் பங்கர், கொடி அந்தப் பங்கருக்குப் பின்னால். ஆடுபவரின் தூரங்கள்: ட்ரைவர் நன்றாகப் பட்டால் பறந்து 180, உருண்டு 195. ஹைபிரிட் உருளலோடு 155. 7 அயன் பறந்து 115, உருண்டு 120. பிட்ச்சிங் வெட்ஜ் 85.

ட்ரைவர் எடுத்து நன்றாகப் பட்டால் பந்து வாய்க்காலுக்குள். ஒரு பெனால்டி, வாய்க்காலுக்கு இங்கால் ட்ரொப் (பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது). மூன்றாவது ஷொட் ஹைபிரிட். கிறீனுக்குக் கிட்டப் போய் விழும். ஒரு சிப் (கிறீனுக்குக் கிட்டவிருந்து சின்ன அடி), இரண்டு பட், ஆறு. இது ட்ரைவர் வடிவாகப் பட்ட கதை. வலப்பக்கம் மரத்துக்குள் போனால் எட்டு, ஒன்பது.

ஹைபிரிட் எடுத்தால் 155இல் பந்து நிற்கும், வாய்க்காலுக்கு இன்னும் 35 யார். மிச்சம் 205. வாய்க்காலைத் தாண்ட 50 யார் பறந்தாலே போதும், 7 அயன் அரைகுறையாகப் பட்டாலும் தாண்டிவிடும். நன்றாகப் பட்டால் மிச்சம் 85, அது பிட்ச்சிங் வெட்ஜின் முழுத் தூரம். கொடியை மறந்து கிறீனின் நடுவைப் பார்த்து அடித்து இரண்டு பட் போட்டால் ஐந்து. சரி, டீயிலேயே ஹைபிரிட் பந்தின் தலையில் பட்டு, பந்து 80 யார் உருண்டது என்று வையுங்கள். முன்னால் 110 யாரில் வாய்க்கால், தாண்ட 125 வேண்டும். 7 அயனுக்கு எட்டாது. வெட்ஜால் 85 போட்டு வாய்க்காலுக்கு இங்கால் நிறுத்தினால் மிச்சம் 195. பிறகு ஹைபிரிட், ஒரு சிப், இரண்டு பட். ஆறு.

ட்ரைவர் நன்றாகப் பட்டதற்கும் ஹைபிரிட் மோசமாகப் பட்டதற்கும் ஒரே ஸ்கோர். உங்கள் தூரங்களை வைத்து ஒவ்வொரு ஹோலுக்கும் இந்தக் கணக்கை வீட்டில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். ட்ரைவருக்கு இடமுள்ள ஹோல்கள் கைவிரலில் அடங்கிவிடும்.

தண்ணீருக்கு முன்னால் நிறுத்தும்போது ஒட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டாம். ஆகக் குறைந்தது 15 யார் விடுங்கள். தலையில் அடிபட்ட பந்து நினைத்ததைவிட உருண்டு ஓடும். நிறுத்துகிற இடம் அடுத்த ஷொட்டுக்கு ஏதோவொரு கிளப்பின் முழுத் தூரத்தை மிச்சம் வைக்கவேண்டும். நாற்பது யார் மிச்சம் வைப்பது ஆகக் கெட்ட தெரிவு. அரைச் சுவிங்தான் புதியவரிடம் இல்லாத ஷொட்.

டீயில்

முன் டீயிலிருந்து ஆடுங்கள். யாரும் கேலி செய்தால் அவர்களின் கார்டைக் கேளுங்கள்.

டீ போடும் இடம் இரண்டு மார்க்கருக்கும் நடுவே, பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை உள்ள செவ்வகம். அதற்குள் எங்கும் வைக்கலாம். ஆபத்து வலப்பக்கம் என்றால் வலப்பக்க மார்க்கருக்குக் கிட்ட நின்று இடப்பக்கம் நோக்கி அடியுங்கள். பந்து ஆபத்தை விட்டு விலகும் கோணத்தில் கிளம்பும். இடப்பக்கம் என்றால் மாற்றி.

வலக்கைக்காரர்களில் புதியவர்களுக்குப் பந்து வலப்பக்கம் வளைவதுதான் வழக்கம். அதற்குப் பயந்து உடம்பை இன்னும் இடப்பக்கம் திருப்புவார்கள். அப்போது கிளப் போகும் வழி இடப்பக்கம் சாய்கிறது, கிளப் முகமோ இலக்கைப் பார்த்தபடியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலான கோணம் பெருக, வளைவு இன்னும் கூடும். மருந்து கிளப்பில் இருக்கிறது: முகச்சரிவு கூடிய கிளப்பில் பின்சுழற்சி அதிகம், பக்க வளைவு குறைவு. ட்ரைவரில் மரத்துக்குள் போகிற அதே சுவிங், ஹைபிரிட்டில் ஃபெயார்வே ஓரத்தில் நிற்கும்.

டீயின் உயரத்தையும் கவனியுங்கள். ட்ரைவருக்குப் பந்தில் பாதி கிளப் தலைக்கு மேலே தெரியவேண்டும். ஹைபிரிட்டுக்கு ஒரு சென்ரிமீட்டர் அளவு, அயனுக்குப் புல்லுக்குச் சற்றே மேல். அயனுக்கு ட்ரைவர் உயரத்தில் டீ வைத்தால் கிளப் பந்துக்கு அடியால் புகுந்து, பந்து மேலே எழும்பி கிட்டவே விழும்.

மரத்துக்குள், தண்ணீருக்குள்

மரத்துக்குள் போய்விட்டால் கிறீன் எந்தத் திசை என்பதை முதலில் மறந்துவிடுங்கள். ஆக அகலமான வாசல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அது பின்பக்கமாக இருந்தாலும். 7 அயனைப் பிடியில் கீழே இறக்கிப் பிடித்து, பந்தை வலக்காலுக்குக் கிட்ட வைத்து, கை பந்துக்கு முன்னால் இருக்க, இடுப்பளவு மட்டும் பின்னால் எடுத்துத் தள்ளுங்கள். பந்து தாழப் பறந்து உருண்டு வெளியே வரும். நிமிர்ந்து பார்த்துத் தாழ்ந்த கிளைகளையும் எண்ணுங்கள். தரைமட்டத்தில் தெரிந்த வாசலை மேலே ஒரு கிளை அடைத்திருப்பதுண்டு. இதில் போவது ஒரு ஷொட். கிளைகளுக்கு நடுவால் கிறீனை நோக்கியவருக்குப் போவது மூன்று.

விதிகளைத் தெரிந்தவருக்குச் சில அடிகள் மிச்சமாகும். சிவப்புக் குச்சி நட்ட பெனால்டி பகுதிக்குள் பந்து போனால், அது கடைசியாக எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல், ஒரு பெனால்டியோடு ட்ரொப் செய்யலாம். மஞ்சள் குச்சி என்றால் அந்தச் சலுகை இல்லை. எல்லை தாண்டிய இடத்தையும் கொடியையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போகவேண்டும், அல்லது முந்தி அடித்த இடத்துக்கே திரும்பவேண்டும். முழங்கால் உயரத்திலிருந்து விடுங்கள். பந்து உரிய இடத்துக்குள் நிற்காவிட்டால் மறுபடி ட்ரொப். இரண்டாம் தரமும் வெளியே ஓடினால், அந்தத் தரம் பந்து தரையில் பட்ட இடத்தில் கையால் வைக்கலாம். மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சிக்கு வெளியே போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், தேடப் போகும் முன்பே 'புரொவிஷனல்' (மாற்றுப் பந்து) என்று சொல்லி இன்னொன்று அடித்துவிடுங்கள். தேடத் தருவது 3 நிமிடம்தான். அதன்பிறகு திரும்பி டீ வரைக்கும் நடப்பவரை வெயிலும் பின்னால் நிற்பவர்களும் சேர்ந்து வறுத்தெடுப்பார்கள்.

கிறீனும் அதன் சுற்றும்

கொடி எங்கே இருந்தாலும் குறி கிறீனின் நடு. கிறீனின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு மூன்றுக்கும் தூரம் கேளுங்கள். இரண்டு கிளப்புக்கு நடுவே தடுமாறினால் பெரியதை எடுங்கள். புதியவர் பிழைப்பது பெரும்பாலும் கிட்ட விழுந்துதான், பங்கரும் வாய்க்காலும் கூடுதலாக இருப்பதும் கிறீனுக்கு முன்னால்தான்.

கிறீனை ஒட்டிய புல் குட்டையாகவும் காய்ந்தும் இருந்தால் பட்டரால் தள்ளுவதே மேல். மழைக்குப் பிறகு அது சரிவராது. ஈரப்புல் முதல் இரண்டு மீட்டரிலேயே வேகத்தைத் தின்றுவிடும். அப்போது சிப்தான். மட்டமான கிறீனில் தோராயக் கணக்கு: சேண்ட் வெட்ஜ் பறந்த அளவே உருளும், பிட்ச்சிங் வெட்ஜ் அதைப்போல் இரு மடங்கு, 8 அல்லது 9 அயன் மூன்று மடங்குக்குக் கிட்ட. ஈரத்தில் எல்லாம் குறையும்.

மழையில் நனைந்து இறுகிய பங்கர் மணலில் சேண்ட் வெட்ஜின் தடித்த அடிப்பாகம் துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். பந்து கிறீனுக்கு அங்கால் பறக்கும். முகத்தை அதிகம் திறக்காமல் பிட்ச்சிங் வெட்ஜால் எடுங்கள். விளிம்பு உயரமென்றால் தாழ்ந்த பக்கமாக வெளியே போடுங்கள். பங்கருக்குள் மழைநீர் தேங்கியிருந்தால் பெனால்டி இல்லாமல் பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் ட்ரொப் செய்யலாம். ஃபெயார்வேயில் சேற்றுக்குள் தன் பள்ளத்திலேயே புதைந்த பந்துக்கும் இலவச ட்ரொப் உண்டு. மழைக்காலக் கொழும்பில் இந்த இரண்டையும் தெரியாமல் ஆடுபவர் காசைத் தெருவில் போடுகிறார்.

பட்டிங்குக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டரை மீட்டர் பட்டை அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள், ஆகவே பத்து மீட்டரிலிருந்து குழியைக் குறிவைக்காதீர்கள். ஒரு மீட்டர் வட்டத்துக்குள் நிறுத்துவதே வேலை, அதற்குத் தேவை வேகக் கணக்கு. ஆடத் தொடங்குமுன் பயிற்சிக் கிறீனில் மூன்று, ஆறு, ஒன்பது காலடிகளில் பத்து நிமிடம் உருட்டிப் பாருங்கள். காலைப் பனி ஈரத்தில் பந்து மெதுவாகப் போகும், பத்து மணிக்குப் பிறகு கெதியாகும். வெப்பநாட்டுப் புல்லுக்குச் சாய்வு உண்டு. நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து புல் பளபளவென்று தெரிந்தால் அது குழிப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து கூட ஓடும். மங்கிய பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கொஞ்சம் பலமாகத் தள்ளவேண்டும்.

கெடியிடம் கேட்பது

மைதானத்தில் தினமும் நடப்பவர், பையைத் தூக்கிக்கொண்டு கூட வரும் கெடிதான். ஆனால் 'என்ன அடிக்கலாம்?' என்று பொதுவாகக் கேட்டால், அவர் உங்கள் சுவிங்கை இன்னும் அறியாததால், சாதாரண ஆட்டக்காரருக்கான கிளப்பைத் தருவார். முதல் ஹோலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, என்ர 7 அயன் பறந்து 115தான். எனக்கு தூரத்தை மட்டும் சொல்லுங்க, எந்தப் பக்கம் போனா தப்பலாம் எண்டும் சொல்லுங்க." இதற்குப் பிறகு வரும் பதில் தங்கம். கால்களை ஊன்றி நிற்கத் தொடங்கியதும் கெடி உங்களுக்குப் பின்னால், பந்தும் இலக்கும் உள்ள கோட்டில் வேண்டுமென்றே நிற்கக்கூடாது என்பது 2019 முதல் விதி. முறை வந்தபின் ஒரு ஷொட்டுக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று விதிப்புத்தகம் பரிந்துரைக்கிறது. கேட்க வேண்டியதை நடக்கும்போதே கேட்டு முடியுங்கள்.

வெப்பத்துக்கும் திட்டம் வேண்டும். பதின்மூன்றாம் ஹோலுக்குப் பிறகு வரும் பெரிய எண்களில் களைப்புக்குப் பங்குண்டு. தண்ணீரைத் தாகத்துக்குக் காத்திராமல் இரண்டு ஹோலுக்கொருதரம் குடியுங்கள். பாதிவழியில் ஒரு செவ்விளநீர் நல்லது, பீர் பிறகு. கையுறை இரண்டு வைத்து ஒன்பது ஹோலுக்கு ஒன்று மாற்றுங்கள். வியர்வையில் பிடி வழுக்கினால் கை இறுகும், இறுகிய கை கிளப் முகத்தைத் திரும்ப விடாது, பந்து வலப்பக்கம் போகும். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்நேரத்தில் இடிமழை வரும். காலையில் நேரம் எடுங்கள். இடி கேட்டதும் யாரும் சொல்லக் காத்திராமல் நிறுத்த விதியே அனுமதிக்கிறது. மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.

ரவுண்டில் ஸ்கோருக்குப் பக்கத்தில் நான்கு குறிகள் போட்டுவையுங்கள்: பெனால்டிக்கு ஒரு புள்ளி, மூன்று பட்டுக்கு ஒரு கோடு, ஒரே இடத்தில் இரண்டு சிப் அடித்தால் ஒரு வட்டம், கிளப் தெரிவு பிழைத்தால் ஒரு பெருக்கல் குறி. கடைசிக் குறியை நேர்மையாகப் போடவேண்டும். சுவிங் பிழைத்ததற்கு அது இல்லை. நன்றாகப் பட்டிருந்தாலும் ஆபத்தாக இருந்திருக்கும் தெரிவுக்கு மட்டும். நாலைந்து கார்டைச் சேர்த்துப் பார்த்தால் றேஞ்சுக்குப் போவதா, பயிற்சிக் கிறீனுக்குப் போவதா, வீட்டில் பென்சிலோடு உட்காருவதா என்பது தெரிந்துவிடும்.

விடுமுறைக்கு நுவரெலியா போய் ஆடுகிறவர்கள் தூர அட்டவணையை அப்படியே கொண்டுபோகக்கூடாது. 1,800 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. கொழும்பில் 115 பறந்த 7 அயன் அங்கே ஐந்து முதல் பத்து வீதமளவு கூடப் பறக்கலாம், குளிர் அதில் கொஞ்சத்தைக் குறைக்கும். முதல் மூன்று ஹோலில் பந்து விழும் இடத்தைக் காலடியால் அளந்து, கார்டின் பின்பக்கத்தில் புது எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.